தியத்தலாவைக்கு நான் வரவில்லை, அக்கா

அன்புள்ள பிலோமினா அக்கா,

இந்த ‘அன்புள்ள’ மரியாதைக்குப் போட்டது. ஒருநாள்கூடக் கண்ணால் பார்த்திராதவள் மேல், அதுவும் என் புருஷனின் முதல் பெண்சாதி மேல், எழுத உட்கார்ந்த உடனே அன்பு வந்துவிடுமா? வரும்போது வரட்டும்.

நீ போய் மூன்று வருடத்துக்குப் பிறகு அவர் கையால் தாலி கட்டிக்கொண்டவள் நான். இப்போது எனக்கு ஏழாம் மாதம். கண்டி கட்டுக்கலையில் நீ இருந்த அதே வீட்டு வரிசையில்தான் குடியிருக்கிறோம். குழாயடியில் உன் பேச்சு வராத நாள் கிடையாது. பிலோமினா கோயிலில் பாடினால் சுவாமியாரே பூசையை நிறுத்திக் கேட்பாராம். பிலோமினா ஒருவரையும் கடிந்து பேசமாட்டாளாம். செத்துப்போனவர்கள் யாரும் வாளியோடு வந்து வரிசையில் முந்துவதில்லை. பிறகு நல்ல பெயருக்கு என்ன குறை?

விடிந்ததும் அவர் என் காலடியில் உட்காருவார். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, விட்டுப் பார்ப்பார். குழி விழவில்லை என்று கண்ட பிறகுதான் வேலைக்குப் போவார். பட்டாளத்துக் குசினியில் ஒரு படைக்கே உப்புப் பார்க்கிற மனுஷன், வீட்டில் உப்புச் சட்டியைப் பரணில் ஏற்றி வைத்திருக்கிறார். பக்கத்து வீட்டு செசிலி அக்கா, “குடுத்து வச்சவ நீ! புருஷன் காலப் புடிச்சு விடுறானே!” என்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்? அவர் பிடிப்பது என் காலையா? வீங்கிப்போய், வலிப்பு வந்து, தியத்தலாவையில் வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன உன் காலைத்தான். உனக்குச் சேராமல் போன கவனிப்புத்தான் எனக்குக் கிடைக்கிறது. உன் பழைய சேலையைக் கட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கூசாது.

போன மாதம் உத்தரவு வந்தது. கண்டியில் இருக்கிற படை, உன் காலத்தில் போனதுபோலவே, மறுபடியும் தியத்தலாவை முகாமுக்கு மாறுகிறது. பட்டாளம் போனால் அண்டா போகும், அண்டா போனால் அவரும் போகவேண்டும். பெண்சாதிமாருக்கு ரயில் சீட்டு உடனே தருவார்களாம். வீடு மட்டும் இரண்டு மூன்று மாதம் கழித்துத்தானாம். அதுவரை கடைத்தெருவில் வாடகை அறை. அங்கே பிள்ளை பெறுகிறவளை யார் பார்ப்பார்கள் என்று கேட்டால், கேட்டவளைத்தான் ஏற இறங்கப் பார்க்கிறார்கள். எத்தனை அண்டா, எத்தனை அகப்பை என்றெல்லாம் உத்தரவில் எழுதியிருக்கிறது. பிள்ளைத்தாய்ச்சியைப் பற்றி ஒரு வரி இல்லை. உன் காலத்திலும் இப்படித்தானா?

“நீ இங்கயே இரு. நான் மட்டும் போறேன்,” என்றார்.

“அவங்கள மட்டும் கூட்டிக்கிட்டுப் போனீங்க. நான்னா வேணாமா?”

அவர் முகம் கறுத்துவிட்டது. “அதனாலதான் சொல்றேன்,” என்றார்.

எனக்கு அது போதுமா? வருடா வருடம் ஆத்துமாக்கள் திருநாளுக்கு, நாவலப்பிட்டி தாண்டிக் குளிரில் ரயிலேறிப் போய், உன் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வருகிறவர் அவர். இனி ஞாயிறு தோறும் போகலாம். நான் இங்கே வயிற்றைச் சுமந்துகொண்டு கிடப்பேன்; அவர் அங்கே உன் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்றைக்கு எரிச்சலில் எனக்குச் சோறு இறங்கவில்லை. மண்ணுக்குள் இருப்பவளோடு மல்லுக்கு நிற்கிற பைத்தியக்காரி வேறு யாராவது உண்டா?

நான் ரயிலில் போகலாம் என்று ஒரு துண்டு எழுதி வாங்கிவிட்டால் அவர் வாயை அடைக்கலாம். அந்த நினைப்பில் மறுநாளே கிளினிக்குக்குப் போனேன். பிரசவம் பார்க்கிற யாழ்ப்பாணத்து மருத்துவமாது கனகம்மாவை உனக்குத் தெரியும். உன்னையும் பார்த்தவர் அவர்தானே. நான் வாங்குப் பலகையில் உட்கார்ந்து கேட்டதும் பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

“உமக்கென்ன விசரே, பிள்ளை? பிலோமினாவும் இந்த வாங்கிலதான் இருந்து கேட்டவ.”

“அவங்களும் துண்டு கேட்டாங்களா?”

“ஓம். எட்டாம் மாசம். காலும் முகமும் ஊதிப்போய் இருந்தது. மூத்திரத்தைச் சுட வச்சுப் பாத்தா, திரண்டு போச்சு. போகாதேயும், பெரியாஸ்பத்திரியில நில்லும் எண்டு கும்பிடாத குறையாச் சொன்னன். கேட்டாத்தானே? அந்தக் கேம்பில உடுப்புத் தோய்க்க வாற பெட்டையள் இருக்கினமாம். மனுசனைத் தனிய விடமாட்டாவாம்.”

கனகம்மா கடைசியில் அங்குள்ள டொக்டருக்கு எல்லாவற்றையும் விவரமாக எழுதி, உறையில் போட்டு ஒட்டி, இறங்கின உடனே கொடுக்கச் சொல்லி உன்னிடம் தந்தாராம். நீ கொடுக்கவில்லை. கொடுத்தால் அடுத்த ரயிலிலேயே கண்டிக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்திருக்கிறாய். உன் பெட்டியில் துணிக்கு அடியில் கிடந்த அந்த உறையை, அடக்கம் முடிந்து வந்து, பிரிக்காமலே கொண்டுபோய் கனகம்மாவின் மேசையில் வைத்தாராம் அவர். “அவ இத குடுக்கவே இல்ல, மிஸ்ஸி,” என்று நின்ற இடத்திலேயே அழுதாராம்.

இதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது கோபம்தான். உன்னிடம் இல்லாமல் என்னிடம் மட்டும் இருப்பது இந்தப் பொறாமை ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். அதிலும் நீ என்னை முந்திக்கொண்டாய்! அவரும் இதை என்னிடம் மூச்சுவிடவில்லை. குழாயடியில் உனக்கு இருக்கிற பெயர் கெடக்கூடாது என்று வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். அதற்கும் எரிந்தது. பிறகுதான் அழுகை வந்தது. உனக்காக அழுதேனா, எனக்காகவா, தெரியவில்லை. அந்த உறையை என் கையில் தந்திருந்தால் நானும் துணிக்கு அடியில்தான் வைத்திருப்பேன் அக்கா.

போன திங்கட்கிழமை அவர் மட்டும் ரயிலேறினார். கனகம்மா சொன்னதை நான் அவரிடம் சொல்லவில்லை. “நீங்க போய்ட்டு வாங்க, நான் இருந்துக்கிறேன்,” என்று மட்டும் சொன்னேன். மனுஷன் அப்படியொரு பெருமூச்சு விட்டார். அம்மா கலகெதரயிலிருந்து வந்து என்னோடு நிற்கிறாள். கிழமைக்கு ஒருதரம் கனகம்மாவிடம் போய்க் காட்டுகிறேன். பெரியாஸ்பத்திரியில் பெயரும் கொடுத்தாகிவிட்டது.

பெண் பிறந்தால் உன் பெயரை வைக்கவேண்டும் என்று அவருக்கு ஆசை. வாய்விட்டுக் கேட்கவில்லை; எனக்குத் தெரியாதா? வைக்கமாட்டேன். ஞானஸ்நானத்தில் இரண்டாவது பெயராக வேண்டுமானால் இருந்துவிட்டுப் போகட்டும். அதற்குமேல் என்னிடம் எதிர்பார்க்காதே.

இந்தச் சில மாதம் அவர் உன் பக்கத்தில் இருக்கிறார். உன்னிடம் வந்து அழுதால் அழட்டும், நான் ஒன்றும் சொல்லமாட்டேன். ஆனால் உனக்கு ஒரு சத்தியம் செய்து தருகிறேன். நான் பிழைத்து வருவேன். அவர் மனதில் நீ என்றைக்கும் இருபத்திரண்டு வயதிலேயே இருப்பாய். அந்த அழகோடு போட்டி போட என்னால் ஆகாது. நான் தலை நரைத்து, பல் விழுந்து, அவரோடு தினம் ஒரு சண்டை பிடித்துக்கொண்டு கிழவியாவேன். அதில் மட்டும் நீ என்னை முந்த முடியாது.

இப்படிக்கு,
உனக்குப் பின்னால் வந்து, உன்னைவிட மூத்தவளாகப் போகிற உன் தங்கை,
ரெஜினா