ஜன்னல் தட்டோடு வண்டியை ஓட்டியது யார்

ஏப்ரல் 14, 1988

அன்பு மகள் ரோண்டாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், அலாஸ்காக் குளிரில் உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று நீ எழுதினால்தான் தெரியும். அப்பாவுக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை, சனிக்கிழமை ஆலங்கட்டி மழை பக்கத்து வயலோடு நின்றதால் நம் கோதுமை தப்பித்தது. ஊர் நூற்றாண்டு மலருக்கு நீ அனுப்பிய கட்டுரை திங்கட்கிழமை பத்திரிகை அலுவலகத்துக்கு வந்தது, உறையில் 'ஆசிரியருக்கு' என்று மட்டும் எழுதியிருந்தாய், முப்பத்தொரு வருஷமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பது யார் என்று உனக்குத் தெரியாதா. மூன்று மாதமாக வீட்டுக்கு ஒரு வரி எழுத நேரமில்லை, ஓப்பலின் பர்கர் கடையைப் பற்றி நான்கு பக்கம் எழுத நேரம் இருந்திருக்கிறது, இருக்கட்டும்.

நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். வெங்காயத்தைக் காகிதம்போலச் சீவி இறைச்சியோடு சேர்த்து அவள் கல்லில் அழுத்துவது, பள்ளி விட்டதும் அவள் உன்னை உள்ளே முக்காலியில் உட்கார்த்தி வைத்துக்கொள்வது, எல்லாம் நடந்தபடியே இருக்கிறது. ஆனால் ஓப்பல் அத்தை இருபத்துமூன்று இடத்தில் வருகிறாள், அப்பா ஐந்து இடத்தில், நான் ஒரே இடத்தில், 'அம்மா காரில் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருப்பாள்' என்று. ஏதோ இல்லை, நகரசபைச் செய்தி. உள்ளதைச் சொல்கிறேன், வயிறு எரிந்தது. அம்மை போட்டபோது நீ சொறியாமல் கையைப் பிடித்துக்கொண்டு கிடந்தவள் நான், அது ஒரு வரிக்குத் தேறவில்லை, அவள் கொடுத்த வெங்காயம் ஒரு பக்கத்துக்குத் தேறிவிட்டது.

அதைக்கூட விழுங்கியிருப்பேன். மூன்றாம் பக்கத்தில், காரிலேயே உட்கார்ந்து சாப்பிட ஓப்பல் ஜன்னலில் மாட்டிய தட்டோடு அப்பா வண்டியைக் கிளப்பிப் போனதாக எழுதியிருக்கிறாயே. சாப்பிட்டு முடித்ததும் கார் விளக்கை இரண்டு முறை மினுக்கினால் ஓப்பல் வந்து தட்டை எடுத்துக்கொண்டு போவாள், ஊரில் எல்லோருக்கும் தெரிந்த முறை. 1963 ஜூன் 19, புதன்கிழமை, மாலை ஐந்து மணிக்குத் தானியக் கிடங்குப் பக்கம் புகை எழும்பித் தீயணைப்புச் சங்கு ஊதியது. செய்திக்கு ஓடும் அவசரத்தில் விளக்கு மினுக்க நான் மறந்தேன், நான்தான் ஓட்டினேன். அப்பா அறுவடை இயந்திரத்தில் இருந்தார். ரயில் பாதையைக் கடக்கும்போது தட்டிலிருந்து ஒரு கண்ணாடிக் குவளை விழுந்து உடைந்தது, நீ பின் இருக்கையில் பர்கரைக் கடித்தபடி, "அம்மா, இன்னும் வேகமா போ" என்றாய்.

அப்பாவிடம் கேட்டால், "புள்ள எழுதினா சரியாத்தான் இருக்கும், நான்தான் ஓட்டினேன்னு வெச்சுக்கயேன்" என்று சிரிக்கிறார். அதனால் நேற்று ஓப்பலைப் பார்க்க முதியோர் இல்லத்துக்குப் போனேன். எண்பத்தொரு வயது, கண்தான் மங்கல், ஞாபகம் மங்கவில்லை. அந்தப் பக்கத்தையும் பாதி அத்தையையும் வெட்டிவிடும் எண்ணத்தோடுதான் போனேன். முழுவதையும் இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். "உன் புருஷனா? அவன் ஓட்டுற வேகத்துக்குத் தட்டு அசைஞ்சே இருக்காதுடி லோரீன். நீதான், என் தட்டை வளைச்சுக் கொண்டாந்து குடுத்தே" என்றாள். எனக்கு மனம் குளிர்ந்தது. உடனே, "கத்தரிக்கோலைப் பையில வெச்சுக்கிட்டுத்தானே வந்திருக்கே? என்னைப் பத்தின ஒரு எழுத்துல கை வெச்சேன்னா பாத்துக்கோ. என்னை எழுத வேற யாருடி இருக்கா?" என்றாள். பையை மூடிக்கொண்டு எழுந்தேன். பொறாமை போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன், திரும்பி வரும் வழியெல்லாம் கூடவே வந்தது.

கட்டுரையை இன்று காலை அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். இருபத்துமூன்று அத்தையும் அப்படியே இருக்கிறாள். மூன்றாம் பக்கத்தில் ஒரு சொல்லை மட்டும் மாற்றினேன், 'அப்பா' என்ற இடத்தில் 'அம்மா' என்று போட்டேன், ஆசிரியருக்கு அந்த உரிமை உண்டு, சாட்சியும் உண்டு. ஆட்சேபம் இருந்தால் கடிதத்தில் ஏற்றுக்கொள்ளமாட்டேன், நேரில் வந்துதான் சொல்லவேண்டும், அறுவடைக்கு வந்தால் பத்து நாள் இருக்கலாம்.

கடவுள் உன்னை நோய்நொடியில்லாமல் வைத்திருக்கட்டும். மே மூன்றாம் தேதி அப்பாவின் பிறந்தநாள், மறந்துவிடாதே.

வண்டியை ஓட்டிய உன் அம்மா,
லோரீன்