பெயர்ச்சீட்டு

திகாம் பத்து தோட்டம்,
2603 மே 9

மதிப்பிற்குரிய நடராஜா ஐயாவுக்கு,

நவமணி எழுதிக்கொள்வது. தேதியில் 1943 என்று போடக் கூடாதாம்; ஜப்பான் கணக்கில் 2603 என்று எழுதியிருக்கிறேன். சுங்கை பட்டாணி வாசகசாலையை மூடிய பிறகு புத்தகங்கள் உங்கள் வீட்டில் இருப்பதாக வண்டிக்காரர் பக்கிரிசாமி அண்ணன் சொன்னார். நான் படிக்க ஆசைப்படுபவை மூன்று.

ஒன்று, ஜப்பான்காரன் வந்த வாரம் நான் பாதியில் திருப்பிக் கொடுத்த நாவல். படகில் தனியாகத் தள்ளிவிடப்பட்ட அந்தப் பெண் கரை சேர்ந்தாளா என்று மரவள்ளி நடும்போதெல்லாம் யோசிக்கிறேன். இன்னொன்று, புண்ணுக்கு வைத்தியம் சொல்லும் புத்தகம். அம்மாவின் காலில் எலும்பு தெரிகிறது. கடைசியாக, உலகப்படப் புத்தகம். போன மாதம் அண்ணன் அய்யாவுவைச் சயாம் ரயில் பாதை வேலைக்கு லாரியில் ஏற்றினார்கள். குதித்து ஓடியவர்களைத் துப்பாக்கிக் கட்டையால் மண்டையில் அடித்து, மறுபடி தூக்கிப் போட்டார்கள். சயாம் எவ்வளவு தூரம் என்று அப்பா தினமும் கேட்கிறார். சொல்லத் தெரியவில்லை.

அன்புடன்,
ப. நவமணி

---

சுங்கை பட்டாணி,
2603 மே 16

அம்மா நவமணிக்கு,

கடிதத்தில் என் பெயரை எழுதாதே. தபாலைப் பிரித்துப் படிக்கிறார்கள்; பக்கிரிசாமியிடம் கொடுத்தது நல்லது.

நாவலும் வைத்தியப் புத்தகமும் வருகின்றன. உலகப்படம் முடியாது. வெள்ளிக்கிழமை பசார் முன்னால் மூன்று தலைகளைக் கம்பத்தில் செருகி வைத்தார்கள். அதில் ஒருவர் என் கடிகாரத்தைப் பழுதுபார்த்த சீனர். அவர் வீட்டில் வரைபடம் இருந்ததாம். அவர் வாயில் ஈ மொய்த்தது. நான் குடையைத் தாழ்த்திக்கொண்டு கடந்து போனேன். நான் அப்படிப்பட்டவன் அம்மா.

வாங்குபவர் பெயரும் தேதியும் எழுதிய சீட்டைப் பின் அட்டையில் ஒட்டுவது என் வழக்கம். அதைப் பிய்க்க வேண்டாம். பக்கங்களையும் மடிக்க வேண்டாம்.

நலம் விரும்பி

---

திகாம் பத்து,
2603 ஜூன் 13

பெயர் எழுதக் கூடாத ஐயாவுக்கு,

மடிக்காமல் திருப்பிவிட்டேன். அந்தப் பெண் கரை சேர்ந்தாள். யார் வீட்டுக் கரை என்று ஆசிரியர் சொல்லவில்லை. அதில் எனக்குக் கோபம். அம்மாவின் புண்ணைப் புத்தகத்தில் சொன்னபடி உப்புநீரில் கழுவுகிறேன்.

சயாமிலிருந்து தப்பிய ஒருவர் நடந்தே வந்து சேர்ந்தார். அண்ணனை உயிரோடு பார்த்தாராம். மறுநாளே அவரைப் பிடித்து ரப்பர் மரத்தில் கட்டி, மூச்சு நிற்கும்வரை அடித்தார்கள். எங்களை நிறுத்திவைத்துப் பார்க்கச் சொன்னார்கள். அன்றிலிருந்து அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை. "அந்தப் பெரியவரு பயந்தா விட்டுரும்மா. ஆனா ஒருக்கா பாத்தா போதும்லா" என்கிறார்.

உலகப்படம் ஒரே ஒரு வாரம் போதும், ஐயா.

நவமணி

---

சுங்கை பட்டாணி,
2603 ஜூன் 20

அம்மா நவமணிக்கு,

மூன்று நாள் தூங்காமல் யோசித்து அனுப்புகிறேன். வண்டியில் வரும் மரவள்ளிச் சாக்கின் அடியில் உலகப்படம் இருக்கிறது. வாசகசாலை முத்திரையும் என் கையெழுத்தும் இருந்த முதல் தாளைக் கிழித்துவிட்டேன். முப்பது வருடத்தில் நான் கிழித்த முதல் தாள். எரிக்க மனம் வராமல் கோப்பில் வைத்திருக்கிறேன். சயாம் பன்னிரண்டாம் படம். பெயர்ச்சீட்டு வழக்கம்போல் பின் அட்டையில்.

நலம் விரும்பி

---

திகாம் பத்து,
2603 ஜூலை 1

ஐயாவுக்கு,

எழுத்துக் கோணலைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இது இடது கை.

பன்னிரண்டாம் படத்தில் அளந்தேன். நம் ஊரிலிருந்து நாலு விரல் தூரம். அப்பா தன் விரலையும் வைத்துப் பார்த்துவிட்டு, "நாலு விரலா? அப்ப நடந்தே வந்துருவான்லா" என்று சிரித்தார். அன்று இரண்டு தடவை கஞ்சி கேட்டார்.

சனிக்கிழமை எங்கள் லயத்தில் வீடு வீடாகச் சோதித்தார்கள். புத்தகத்தைத் திருப்பிப் பார்த்ததும் பின் அட்டையில் என் பெயர். யார் கொடுத்தது என்று கேட்டு, ஒரு கேள்விக்கு ஒரு விரலாக என் வலது கையை ஒடித்தார்கள். பிறகு அப்பாவைப் படுக்கவைத்து, வாயில் குழாயால் தண்ணீர் விட்டு, உப்பிய வயிற்றின்மேல் பூட்ஸோடு ஏறி நின்றார்கள். அப்பா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். சொல்லாதே என்றுதான் எடுத்துக்கொண்டேன். ஞாயிறு காலை இறந்துவிட்டார்.

திங்கட்கிழமை என்னைக் காவல் நிலையத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அன்றும் பெயர் சொல்லாவிட்டால் அடுத்தது அம்மாவாம். இதுவரை சொல்லவில்லை ஐயா. திங்கட்கிழமை என்ன செய்வேனோ, தெரியாது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்கள் பெயரைக் கிழித்தீர்களே, என் பெயரை ஏன் ஒட்டினீர்கள்?

நவமணி

---

ரயில் நிலையத்தின் பின்புறம், வீட்டு எண் 14,
சுங்கை பட்டாணி,
2603 ஜூலை 4, ஞாயிறு

திகாம் பத்து தோட்டம், பழனியாண்டி மகள் நவமணிக்கு,

இதை வண்டியில் அனுப்பவில்லை. உறையை ஒட்டாமல் காவல் நிலையத்தில் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். படிக்க வேண்டியவர்கள் முதலில் படிக்கட்டும்.

நீ கேட்டது ஒரு கதைப் புத்தகம். உலகப்படத்தை நீ கேட்கவில்லை. அது என் வீட்டில் இருக்க வேண்டாம் என்று, கதைக்குப் பதிலாகக் கட்டி, மரவள்ளிச் சாக்கின் அடியில் நானே ஒளித்து வைத்தேன். வண்டிக்காரருக்கு அது தெரியாது. கொடுத்தவன் பெயரை நீ சொல்லாதது, ஒரு கிழவன்மேல் கொண்ட இரக்கத்தால். வேறு காரணம் இல்லை.

பெயர்ச்சீட்டில் இருப்பது என் கையெழுத்து. இந்தக் கடிதத்தோடு ஒப்பிடலாம். உன் பெயரை ஏன் ஒட்டினேன் என்று நீ கேட்டதற்குப் பழக்கம் என்று பதில் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அது பொய். கட்டும் முன் அந்தச் சீட்டை மறுபடி படித்தேன். பிடிபட்டால் தேடுவதற்கு ஒரு பெயர் இருக்கட்டும், அது என்னுடையதாக இல்லாமல் இருக்கட்டும் என்று நினைத்தேன். அதன் பிறகுதான் கயிறு கட்டினேன்.

கிழித்த தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். புத்தகத்தில் வைத்துப் பார்த்தால் கிழிசல் பொருந்தும்.

இப்படிக்கு,
சுப்பிரமணியம் மகன் நடராஜா,
முன்னாள் வாசகசாலைப் பொறுப்பாளர்