மாடி வகுப்பும் தகரக் கொட்டகையும்

என் அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம், நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். போனில் எதைக் கேட்டாலும் "நல்லா இருக்கேம்மா" என்று முடித்துவிடுகிறாய், எழுத்தில் அப்படித் தப்பிக்க முடியாது, ஒரு பக்கமாவது எழுது. அப்பாவுக்கு முட்டிவலி தேவலை, ஆனால் ஏணியில் ஏறாதீர்கள் என்று டாக்டர் சொன்னதை மட்டும் காதில் வாங்குவதில்லை, எலக்ட்ரீஷியன் ஏணியில் ஏறாம பறந்தா போவான் என்று என்னையே திருப்பிக் கேட்கிறார். நான் ஓட்டுகிற பள்ளி வேனுக்குப் புது பிரேக் போட்டாயிற்று. மிச்சம் உன் தங்கை மிளகு, இந்தக் கடிதமே அவளால்தான். பெயர் வைத்தவன் நீ, காரத்தை அனுபவிப்பது நான்.

போன விடுமுறையில் அவளுக்கு ஒரு கதைப் புத்தகம் வாங்கிக் கொடுத்தாயே, மதில் சூழ்ந்த நகரம், வருஷா வருஷம் பிள்ளைகளை வெள்ளத்தில் இறக்கி நீந்தவிடுவார்கள், கரையேறுகிறவர்களுக்கு மதிலுக்குள்ளே சோறும் வீடும், மற்றவர்கள் வெளியே கிடந்து பிழைத்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் படிக்கிற கதையா இது என்று உன்னைத் திட்டிக்கொண்டேதான், பள்ளி விடும்வரை வேனில் உட்கார்ந்து நானும் படித்தேன். பாதியில் அழுகை வந்துவிட்டது, கண்ணில் தூசி என்று, மகளைக் கூட்டிப்போக வந்த பேக்கரிக்காரரிடம் புளுகினேன். கதைதானே என்று இருந்தால், அது நம் வாசலுக்கே வந்துவிட்டது. பள்ளியில் இந்த வருஷம் புது மாடி எழும்பியது, மாதப் பரீட்சையில் முன்னுக்கு வருகிறவர்களுக்கு மட்டும் அந்த அறை, விசிறி, குளிர்ந்த தண்ணீர் இயந்திரம் எல்லாம். மற்றவர்களுக்குப் பின்பக்கத் தகரக் கொட்டகை, வெயிலில் காய்ந்து வெந்நீர் கொட்டுகிற ஒற்றைக் குழாய். மார்க் குறைந்தால் எல்லார் முன்னாலும் பெயரைக் கூப்பிட்டுப் பையோடு கீழே இறக்கிவிடுவார்கள். மிளகு மாடியில்தான் இருந்தாள், எனக்கும் பெருமைதான், மறைப்பானேன். அவளோடு ஒட்டிக்கொண்டே வளர்ந்த பேக்கரிக்காரர் மகளை இறக்கிவிட்ட அன்று வேனில் இரண்டும் வாயே திறக்கவில்லை. மறுநாளிலிருந்து இவள் மாடித் தண்ணீரைப் பாட்டில் பாட்டிலாகப் பிடித்துக் கொட்டகைக்குக் கொண்டு போயிருக்கிறாள், மாட்டிக்கொண்டாள்.

தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டனுப்பினார். உட்காரக்கூடச் சொல்லவில்லை. "பொண்ணை அடக்கி வைங்க, உங்க வேனும் இந்தப் பள்ளிக்கூடத்தை நம்பித்தான் ஓடுது" என்றார், அதையும் சிரித்துக்கொண்டே. சரிங்க என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் வந்து, ஊரோட ஒத்துப் போடி, கெடச்ச இடத்தைக் காப்பாத்திக்கோ என்று அவளிடம் கத்தினேன். அழவில்லை, எதிர்க்கவும் இல்லை. "அந்தக் கதையில எல்லாரும் எப்படி நீந்தறதுன்னுதாம்மா யோசிக்கிறாங்க, எதுக்கு நீந்தணும்னு ஒருத்தர்கூடக் கேக்கல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுக்கப் போனாள். அப்பா தட்டைப் பார்த்தபடியே, "வேன் போனா நான் ரெண்டு வேலை சேத்துப் பாக்கறேன், பிள்ளையை விடு" என்றார்.

காலையில் மணி அடித்ததும் மிளகு தானாகப் பையைத் தூக்கிக்கொண்டு கொட்டகையில் போய் உட்கார்ந்துவிட்டாள். எப்போதும் முதல் மார்க் வாங்குகிற டாக்டரம்மா மகள், நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத பிள்ளை, அவள் பின்னாலேயே போயிருக்கிறாள். அப்புறம் ஒவ்வொன்றாக இறங்கி, மத்தியானத்துக்குள் மாடி காலி, விசிறி மட்டும் சும்மா சுற்றிக்கொண்டிருந்ததாம். கணக்கு வாத்தியார் கொட்டகைக்குள்ளே நிற்க இடமில்லாமல் வாசலில் நின்று பாடம் நடத்தினார். பெற்றவர்கள் எங்களையெல்லாம் அவசரமாக வரவழைத்தார்கள். தலைமையாசிரியை முதலில் என்னிடம்தான் வந்து, மிளகைக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறீர்களா என்றார். போன முறை சரிங்க என்ற வாய் இந்த முறை அப்படிச் சொல்லவில்லை. "என் வேன்ல எல்லாப் பிள்ளைங்களுக்கும் ஒரே மாதிரி சீட்டுதாங்க, மார்க் பாத்து நான் யாரையும் நடுவழியில இறக்கிவிட்டதில்ல" என்றேன். பேக்கரிக்காரர் கையே தட்டிவிட்டார். டாக்டரம்மா, நானும் அதைத்தான் சொல்ல வந்தேன் என்றார். டாக்டர் சொன்ன பிறகுதான் தலைமையாசிரியை காதில் ஏறியது, அதையும் எழுதிவிடுகிறேன், உலகம் இன்னும் அப்படித்தான் இருக்கிறது.

இப்போது இரண்டு வகுப்பும் வாரம் மாற்றி வாரம் மாடி ஏறுகின்றன, தண்ணீர் இயந்திரம் படிக்கட்டுக்குக் கீழே வந்துவிட்டது, பெயர் கூப்பிட்டு இறக்குவது நின்றது. வேனுக்கும் ஒன்றும் ஆகவில்லை, தலைமையாசிரியை என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், திருப்பட்டும், வலிக்கப்போவது அவர் கழுத்துதான். இந்த வாரம் மிளகுக்குக் கொட்டகை முறை. வியர்த்து வழிந்து வந்து, "நியாயமெல்லாம் சரிம்மா, வெயில்தான் தாங்கல" என்று புலம்புகிறாள். ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் பேக்கரிக்காரரும் போய் அங்கேயும் விசிறி மாட்டப்போகிறார்கள். பேக்கரிக்காரர் மகள் இப்போது வேனில் மறுபடி ஓயாமல் பேசுகிறாள், எனக்குத்தான் காது வலிக்கிறது, வலிக்கட்டும்.

நீ வேலை பார்க்கிற கிடங்கில் உன்னை மேற்பார்வையாளர் ஆக்கியிருப்பதாக அப்பா சொன்னார், கேட்டதிலிருந்து வயிறு குளிர்ந்து கிடக்கிறது, மகராசனாக இரு. ஒன்று மட்டும் செய். உனக்குக் கீழே மூட்டை தூக்குகிறவர்கள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று ஒரு நாள் நீயே நேரில் போய்ப் பார். முடிந்தால் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடு. சாப்பிட்டுவிட்டு எனக்கு எழுது.

எந்தக் குறையும் இல்லாமல் நீ நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும்.

உன் பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்,
அம்மா