இரு கை அறுத்த வயல்

ஏழ் ஏரிக்கும் அவை பாயும் வயலெல்லாவற்றுக்கும் உடையவரான கோ அடல்மாவேள் திருமுன்பு, ஈர்வளை நாட்டுக் கண்காணி எயினன் பூதி பணிந்து வரைந்த ஓலை. கோவின் குடை நிழல் தருக. குடிகளின் உலை கொதிக்க.

கோ அருளிய நடவுப் பொறி ஆடியில் நாணற்குடி என்னும் ஊருக்கு வந்தது. அறுபது பெண்கள் குனிந்து நடும் வயலை, எருது பூட்டி, ஓரி, கீரன் என்னும் அரண்மனை ஏவலர் இருவரே எட்டு நாளில் நட்டு முடித்தனர். பூதி பொறிக்கு மாலை சூட்டிவிட்டுத் திரும்பினான்.

கதிர் முற்றியபின் சென்றபோது, அவ்விருவர் மட்டுமே அறுத்துக்கொண்டிருந்தனர். ஆறாம் நாளாக. வரப்பில் அறுபது பெண்களும் அரிவாளோடு அமர்ந்திருந்தனர். நட்ட கைக்கே அறுக்கும் உரிமையும் அதற்கான கூலி நெல்லும் என்பது அவ்வூர் வழக்கு. கோவின் முப்பாட்டனார் கல்லில் வெட்டுவித்தது. முறை தவறியவர் எவருமில்லை. நெல் மட்டும் உதிர்ந்துகொண்டிருந்தது. கீழ்வானம் கறுத்திருந்தது.

யார்மேல் சினப்பதென்று பூதிக்கு விளங்கவில்லை. வழக்கை இவ்வொரு முறை மறக்குமாறு வேண்டினான். நடவுப் பெண்களின் தலைவி கண்டன் சாத்தி, தங்கள் இடுப்பைக் காத்த பொறியோடு தங்களுக்குப் பகையில்லை என்றும், அது இறங்கி அறுக்கும் அழகைக் காணவே காத்திருப்பதாகவும், இன்று வழக்கை விட்டால் அடுத்த ஆண்டு இவ்வயலில் தங்களுக்கு என்ன பிடி என்றும் உரைத்தாள். ஓரியோ முதுகை நிமிர்த்த மாட்டாமல், தான் செய்த பிழை யாதென்று வினவினான். வழக்கும் சரி, பொறியும் சரி. ஊர் பட்டினி கிடக்கப்போவது எதனால் என்றே பூதிக்குப் புரியவில்லை.

அங்கேயே அவன் ஓர் ஓலை எழுதினான். பொறி நடவுப் பெண்களின் உடைமை. ஓரியும் கீரனும் அவர்கள் ஏவலுக்கு ஓட்டியவர்கள் என்று. நடவுக்கு முந்தைய நாளை அதில் இட்டு, கண்காணிப்புக்கெனத் தன்னிடம் இருந்த கோவின் முத்திரை மோதிரத்தை ஒற்றினான். சாத்தி அதை இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். பின்பு வயலில் இறங்கினாள். அறுபது பேரும் இறங்கினர். மழைக்கு முன் நெல் களம் சேர்ந்தது.

செய்தது அறமா, குற்றமா என்று பூதி இன்னும் தெளியவில்லை. அவ்வோலை செல்லுமாயின், பொறி அப்பெண்களிடமே நிற்க. செல்லாதாயின், பொய் நாள் இட்ட அவன் கையை வெட்டிக் கொள்க. அறுத்த நெல்லை மீண்டும் தாளில் நிறுத்தும் வழியையும் கோவே ஆணையிடுக.

முத்திரை மோதிரம் இத்துடன் வருகிறது. கீழே ஒற்றியது பூதியின் பெருவிரல். ஐப்பசி ஏழாம் நாள். இந்த நாள் மெய்.