கைப்பிடியில் வெட்டிய எண்

வரதராஜப் பெருமாள் துணை

சின்ன காஞ்சிபுரம்,
வெள்ளிக்கிழமை காலை.

அன்பு மகன் அருளுக்கு அம்மா ரேவதி எழுதுவது.

நீயும் தீபிகாவும் அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்று பெருமாளிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். இங்கே சுகம் இல்லை. அப்பாவைக் காணவில்லை. கருட சேவைக் கூட்டத்தில் தொலைந்து போனவர் இன்று மூன்றாவது நாளாக வீடு வரவில்லை.

இந்த இடத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிடாதே. முழுக்கப் படி. கடைசியில் உன்னிடம் ஒன்று கேட்கப் போகிறேன். அது உன் ஒருவனால்தான் ஆகும்.

என் நம்பரை நீ பிளாக் செய்து வைத்திருக்கிறாய், என் போனிலிருந்து கூப்பிட்டால் உனக்கு வராது என்று தெரியும். பக்கத்து வீட்டு பிரவீனா போனில் கூப்பிட்டேன். மணி போகிறது, நீ எடுக்கவில்லை. "இப்பல்லாம் தெரியாத நம்பரை யாரும் எடுக்க மாட்டாங்க ஆன்ட்டி, லோன் வேணுமான்னு கேப்பாங்கன்னு பயம்" என்றாள் அவள். தென்னேரியிலிருந்து உன் பெரியப்பா மகன் மாணிக்கவேல் அனுப்பிய செய்தியும் உனக்குப் போய்ச் சேர்ந்ததாகத் தெரியவில்லை. தீபாவளிக்கு நீங்கள் புடவை அனுப்பிய கவரைப் பத்திரமாக வைத்திருந்தேன். அதில் இருந்த உன் ஆபீஸ் முகவரிக்குத்தான் இதைக் கூரியரில் அனுப்புகிறேன்.

பொங்கலன்று நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். மடக்குக் கத்தியைக் காணோம் என்று அப்பா வீட்டைக் கலைத்துப் போட்டார். உறவுக்காரர்கள் முன்னால் தீபிகாவைப் பார்த்து, உன் கைப்பையைத் திற என்றார். நீ இலையில் சோறு இருக்கும்போதே எழுந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனாய். நீ செய்தது நியாயம்தான். அன்று சாயங்காலமே கத்தி கிடைத்தது, அரிசி டிரம்முக்குள். அவரே வைத்தது. வைத்தது அவருக்கு ஞாபகம் இல்லை. எடுத்துக் காட்டினால், "பாத்தியா, பயந்துக்கினு உள்ள போட்டுட்டுப் போயிட்டா" என்றார். அப்போதும் நான் அதை அவர் குணம் என்றுதான் நினைத்தேன். நோய் என்று நினைக்கவில்லை.

மாசியில் ஒருநாள் நம் பூக்கடையில் உட்கார்ந்து, தாயாருக்குப் போக வேண்டிய மாலையைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்திருக்கிறார். பூவெல்லாம் கசங்கி, கோயிலுக்கு மாலை போகவே இல்லை. அதற்குப் பிறகுதான் டாக்டரிடம் கூட்டிப் போனேன். மறதி நோய், போகப் போகக் கூடும், கூரான சாமான் எதையும் கைக்கு எட்ட வைக்காதீர்கள் என்றார். அன்றே கத்தியை எடுத்து ஒளித்து வைத்தேன்.

ஒளித்த நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. இடுப்பைத் தடவித் தடவிப் பார்ப்பார். எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, என் கத்தி உள்ள இருக்குதா என்று கேட்பார். ஒருநாள் ரங்கசாமிக் குளம் வரை தேடிக்கொண்டு போய்விட்டார். வாழை நார் கிழிக்கவும் துளசிக் காம்பு நறுக்கவும் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்தக் கத்திதான். அது இடுப்பில் இல்லாததால்தான் மனுஷன் வீட்டில் நிற்கவில்லை என்று எனக்குப் புரிய நாளாயிற்று. திருப்பிக் கொடுத்துவிடலாம், ஆனால் அவருக்குத் தகுந்த மாதிரி மாற்றிக் கொடுக்கலாம் என்று முடிவு செய்தேன்.

சாணைக்கல்லைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு வரும் வீராசாமியிடம் கொடுத்து, இதை மழுக்கித் தா என்றேன். "இன்னாக்கா, ஊரே கூர் போடச் சொல்லுது, நீ மொக்கை பண்ணச் சொல்றியே. எனக்குக் கை வராதுக்கா" என்றார். விஷயத்தைச் சொன்னேன். முனையை உருட்டினார், வெட்டும் வாயை மழுக்கினார். கைப்பிடியை ஒட்டி ஒரு நகத்தளவு மட்டும் கூரை விட்டு வைத்தார். "நாரு அறுந்தாத்தான் அண்ணன் நம்புவாரு. விரலு அங்க போவாது" என்றார். அப்பாவின் விரல் இப்போது நடுங்குகிறது, நகத்தால் நெம்பித் திறக்க முடிவதில்லை. அதற்காக மடக்கும் இடத்து ஆணியைத் தளர்த்தி எண்ணெய் விட்டு, கைப்பிடியின் வாலில் ஒரு துளையும் போட்டுக் கொடுத்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார். செலவுக் கணக்கில் அவர் பெயருக்கு நேரே, பெருமாள் பார்த்துக்கொள்வார் என்று எழுதி வைத்தேன்.

பிரவீனா வீட்டுத் தறியில் மிஞ்சிய பட்டு நூலை முறுக்கிக் கயிறாக்கி, கத்தியை அவர் அரைஞாணோடு சேர்த்துக் கட்டினேன். அதற்குள் அவர் படுத்திய பாடு! பச்சை நூல் ஆகாது, அரக்குதான் வேண்டும் என்றார். வலது பக்கம் கட்டினால், "இது இன்னா மாட்டுக்கு மணியா? இந்தப் பக்கம் தொங்க உட்டுக்கினு நான் போவணுமா?" என்றார். அவருக்கு இடது மடிப்புதான் பழக்கம். கயிறு நீளமாக இருந்தால் தொடையில் இடிக்கிறது, குட்டையாக இருந்தால் நார் வரைக்கும் எட்டவில்லை. கட்டி அவிழ்த்து, கட்டி அவிழ்த்து, ஒரு வழியாக அமைந்தது. இடுப்பைத் தட்டிப் பார்த்துச் சிரித்தார். அன்று தோசையைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார் அருள். அதன் பிறகு தனியாகப் படி இறங்கவே இல்லை.

என்றைக்காவது வழி தவறினால் என்ன செய்வது என்ற பயம் மட்டும் எனக்குப் போகவில்லை. சட்டையில் சீட்டு வைத்தால் கிழித்துப் போடுகிறார், கழுத்தில் அட்டை மாட்டினால் கழற்றி எறிகிறார். கத்தியை மட்டும் விட மாட்டார். அதனால் அவரையும் கூட்டிக்கொண்டு பாத்திரக்கடைக்குப் போனேன். உங்கள் கல்யாணப் பாத்திரங்களில் பெயர் வெட்டிக் கொடுத்த கலைவாணன்தான் இருந்தார். பித்தளைக் கைப்பிடியைப் பார்த்துவிட்டு, பேஷா வெட்டலாம், எந்த நம்பர்க்கா என்று கேட்டார். என் நம்பரைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அப்பா சொல்ல ஆரம்பித்துவிட்டார். உன் நம்பர். நிறுத்தி நிறுத்தி, ஒரு எண் கூடப் பிசகாமல். அன்று காலையில்தான் என்னைப் பார்த்து, "நீ யாரு வூட்டம்மா? நேரமாவுது, உன்னைத் தேடப் போறாங்க" என்று சொன்ன மனுஷன்.

கலைவாணன் என் முகத்தைப் பார்த்தார். "அவளை இன்னாத்துக்குப் பாக்கிற? எம்புள்ள நம்பர் எனக்குத் தெரியாதா? வெட்டுய்யா" என்றார் அப்பா. புனேவில் இருப்பவனுக்குப் போன் போய் என்ன ஆகும் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. ஆனாலும் அதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை, வெட்டுங்கள் என்று சொல்லிவிட்டேன். மறுபக்கத்தில் என் நம்பரைப் போடலாம் என்று பார்த்தால், அங்கே சங்கும் சக்கரமும் வேண்டும் என்றார். அதையும் வெட்டியாயிற்று.

கருட சேவைக்கு அவரைக் கூட்டிப் போகாமல் இருந்திருக்கலாம். ஒரு வருஷம் கூடத் தவறாதவர், காலையிலேயே குளித்துத் திருமண் இட்டுக்கொண்டு வாசலில் நின்றார். எப்படி வேண்டாம் என்பது? கோபுர வாசல் வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டேதான் இருந்தேன். குடை தெரிந்தது. கருடன் மேல் பெருமாள் வெளியே வந்து நின்றார். கூட்டம் கோவிந்தா என்றது. நான் கையை விட்டுவிட்டு இரண்டு கையையும் கூப்பினேன். ஒற்றைக் கையால் எப்படிச் சேவிப்பது, சொல்? கண்ணைத் திறந்தபோது என் பக்கத்தில் வேறு யாரோ நின்றுகொண்டிருந்தார்கள்.

போலீஸில் எழுதிக் கொடுத்தேன். கத்தி வைத்திருந்தார் என்றதும் எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். வெட்டாது, மழுக்கிவிட்டோம் என்றேன். "வெட்டாத கத்தியை இன்னாத்துக்குமா வெச்சிக்கினு திரியறாரு?" என்று சிரித்தார். அதில் நம்பர் இருக்கிறது என்றேன். சிரிப்பை விட்டுவிட்டு அவர் போனிலிருந்தே உன்னைக் கூப்பிட்டார். மணி போனது.

மாணிக்கவேல் தென்னேரியில் தேடினான். சொந்த ஊர் நினைப்பில் அங்கே போயிருப்பாரோ என்று பெரியப்பா வீட்டிலிருந்து ஏரிக்கரை முழுக்க நடந்திருக்கிறான். "ஏரியில ஒண்ணும் இல்ல சித்தி, பயப்படாத" என்றான். ஏரியைப் பற்றி நான் அவனிடம் கேட்கவே இல்லை.

நேற்று நானே தென்னேரி வழியில் இருக்கும் வாலாஜாபாத் போனேன். பஸ் நிறுத்தத்தில் பூக்கட்டுகிற பெண் ஒருத்தி, ஆமாம், அரக்குக் கயிற்றில் கத்தி வைத்திருந்த பெரியவர் ஒருவர் முந்தின நாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார், கேட்காமலேயே தனக்கு நார் கிழித்துக் கொடுத்தார் என்றாள். எனக்கு உயிர் வந்தது. கைப்பிடியில் நம்பர் இருந்ததே பார்த்தாயா என்று கேட்டேன். "பாத்தேன்க்கா. ரெண்டு தபா அடிச்சேன், எடுக்கல. சரி, வேலையா இருப்பாங்க, அண்ணனுக்கு ஒரு டீ வாங்கியாந்து குடுத்துட்டு அப்புறமா அடிக்கலாம்னு போனேன். வந்து பாத்தா ஆளு இல்ல, ஏதோ பஸ்ல ஏறிட்டாரு" என்றாள்.

உன்னைக் குத்திக் காட்ட இதை எழுதவில்லை அருள். பெருமாள் மேல் ஆணையாக இல்லை. அவர் உயிரோடு இருக்கிறார், கத்தி இடுப்பில் இருக்கிறது, பார்க்கிறவர்கள் கூப்பிடுகிறார்கள். எனக்கு இப்போது இருக்கிற ஒரே பிடி அதுதான். என் போனுக்கு எதுவும் வராது, கைப்பிடியில் இருப்பது உன் நம்பர்.

அதனால் இதைப் படித்தவுடன், இந்த மூன்று நாளில் நீ எடுக்காமல் விட்ட நம்பருக்கெல்லாம் ஒவ்வொன்றாகக் கூப்பிடு. இனிமேல் எந்த நம்பர் வந்தாலும் எடு. லோன்காரனாக இருந்தாலும் எடு. நீ ஆபீஸில் இருந்தால் தீபிகாவிடம் போனைக் கொடுத்து வை. அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல். நேரில் வந்தும் கேட்கிறேன்.

யாராவது ஒரு கிழவர், ஒரு கத்தி என்று பேச்சை எடுத்தால், அவர் என் அப்பா என்று முதலில் சொல்லிவிடு. கத்தியைப் பிடுங்க வேண்டாம், அது யாரையும் வெட்டாது, பிடுங்கினால்தான் எழுந்து போய்விடுவார் என்று சொல். பிறகு போனை அவர் காதில் வைக்கச் சொல். நீ யார் என்று அவர் உன்னையே கேட்டாலும் கேட்பார். கோபித்துக்கொண்டு வைத்துவிடாதே கண்ணு. உங்க பையன் நம்பர் என்ன என்று கேள். சொல்லுவார். முழுக்கச் சொல்லி முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டிரு.

கவருக்குள் பெருமாள் துளசி வைத்திருக்கிறேன். உன் போன் மணி அடிக்கிற ஒவ்வொரு தடவையும் அந்த வரதன் உன் பக்கத்தில் நிற்கட்டும்.

அம்மா
ரேவதி