நான் கொடுத்த வெற்றிலை

நேற்று உன் மூத்த மகன் வந்திருந்தான். தங்கச்சி கல்யாணத்துக்கு அழைக்கத் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நீட்டினான். ஈர வெற்றிலையின் வாசம் வந்ததும் எனக்குக் கை கூசியது. "எடுத்துக்கோங்க மாமா, அப்பா இருந்தா மொத அழைப்பு உங்களுக்குத்தான்னு சொல்லிருப்பாக" என்றான். என் மனைவிதான் வாங்கிக்கொண்டாள். கை கூசிய காரணத்தை உன்னிடம் சொல்ல வேண்டும். நீ போய் இரண்டு வருஷம் கழித்துச் சொல்கிறேன், திட்டிக்கொள்.

அந்தப் பட்டாசுக் கம்பெனியில் இருவரும் ஒன்றாகச் சேர்ந்தோம். நான் போர்மேன் ஆனேன். நீ புஸ்வாணத்துக்கு மருந்து அடைத்தே காலம் தள்ளினாய். நாலு பேர் முன்னால் என்னைப் பார்த்து, "கும்பிடுறேன் போர்மேன் ஐயா" என்று கேலி செய்வாய். ஆயுத பூஜையன்று பெரிய முதலாளி ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு வெற்றிலை பாக்கு கொடுப்பார். வாங்கியவனுக்கு அடுத்த சீசனுக்கும் வேலை உண்டு. அவனும் வேறு கம்பெனி வாசலை மிதிக்க மாட்டான். கையெழுத்து, காகிதம் எதுவும் கிடையாது.

பெரியவர் படுத்த படுக்கையான வருஷம் மகன் பொறுப்புக்கு வந்தார். பூஜைக்கு முந்தின நாள் என்னை அறைக்குக் கூப்பிட்டார். "ஆளுகளை எதுக்கு வருஷம் பூரா கட்டிக்கிட்டு அழணும்? இனிமே ஆர்டர் வந்தா எடுப்போம், முடிஞ்சா அனுப்புவோம். தீபாவளி லோடு போற வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. அப்பாவுக்குப் பதிலா வெத்திலைய வழக்கம்போல நீங்களே குடுத்துருங்க" என்றார். நான் வாயைத் திறந்தேன். "உங்களுக்கு வேலை இருக்கு, கம்பெனி வீடும் இருக்கு" என்றார். திறந்த வாயை மூடிக்கொண்டேன். மறுநாள் என் கையாலேயே உனக்குக் கொடுத்தேன். நீ அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாய்.

அடுத்த வாரமே சாத்தூர்க் கம்பெனி ஒன்றிலிருந்து உன்னைக் கூப்பிட ஆள் வந்தது. டீக்கடையில் வைத்துப் பெருமையாகச் சொன்னாய்: "முடியாதுன்னுட்டேன்லே. இங்கன வெத்திலைய வாங்கிட்டு அங்கன போய் நிக்க மனசு வருமா?"

போய்விடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீ போனால் இன்னும் நாலு பேர் போவார்கள். யார் சொன்னது என்று விசாரித்தால் என்னிடம்தான் வந்து நிற்கும். அந்தப் பயத்தில் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். வெட்கங்கெட்டவன் நான்.

கார்த்திகையில் கம்பெனி திறந்த அன்று தூக்குச்சட்டியோடு வந்தாய். உனக்கு வேலை இல்லை என்று வாசலில் நின்று நான்தான் சொன்னேன்.

"அப்ப அந்த வெத்திலை?" என்றாய். நான் தலை குனிந்தேன். "ஏலே, உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது."

நீ என் தோளில் கை வைத்தாய். "பாத்தியா, உன்னையும்ல ஏமாத்திட்டானுக" என்றாய். எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாய்.

அதற்குள் சாத்தூரில் வேறு ஆள் எடுத்துவிட்டார்கள். நீ விருதுநகரில் மிளகாய் வத்தல் மூட்டை தூக்கப் போனாய். அந்த நெடியில் பிடித்த இருமல் உன்னை விடவேயில்லை. நான் பார்க்க வரும்போதெல்லாம், "உன்னையும் ஒருநா வெளிய தள்ளிருவானுகலே, சூதானமா இரு" என்று எனக்காகத்தான் கவலைப்பட்டாய்.

நான் இன்னும் அங்கேதான் இருக்கிறேன். வேலையை விட்டால் வீடு போகும், வீடு போனால் போக்கிடம் இல்லை. சீசனுக்குச் சீசன் புது முகங்கள் வருகின்றன. பேர் மனதில் தங்குவதற்குள் போய்விடுகின்றன. வேறு இடத்தில் கூப்பிட்டால் பாதி வேலையில் எழுந்து போகிறார்கள். "இப்ப ஆளுகளுக்கு விசுவாசமே இல்லை, என்ன போர்மேன்?" என்கிறார் சின்ன முதலாளி. நானும் ஆமாம் என்று தலையாட்டுகிறேன்.

உண்மையைச் சொல்லிவிட எத்தனையோ தரம் உன் கட்டிலோரம் உட்கார்ந்திருக்கிறேன். நீ திட்டுவாய் என்று பயமில்லை. அன்று தோளில் வைத்த கையை எடுத்துவிடுவாயோ என்றுதான் சொல்லவில்லை. நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். அந்தக் கை மட்டும் இறங்கவில்லை.