ஏற்றிக் கட்டிய அங்கவடி

பெல்ஃபோர்ட், மிசௌரி
அக்டோபர் 1872

அன்புள்ள ஆமோஸ் அண்ணனுக்கு,

நம் குதிரை ஜூனோ ஆளில்லாமல் லாயத்துக்குத் திரும்பி வந்தபோது, சேணத்தில் கால் வைக்கும் இடது அங்கவடி வலதைவிட உயரத்தில் தொங்கியதைத்தான் நான் முதலில் பார்த்தேன்.

ஆளுநர் தேர்தலுக்கு நின்ற ஹால்ஸ்டெட்டை அன்று காலை நீதிமன்றப் படியில் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். சுட்டவன் முகத்தைத் துணியால் மூடியிருந்தான். படகுத்துறை வரை குதிரையில் போய், அங்கே அதை விட்டுவிட்டான். நம் குதிரைகள் அவிழ்த்துவிட்டால் தீனித் தொட்டிக்குத்தானே வரும்.

குதிரையை வாடகைக்கு எடுப்பவரின் காலுக்கு ஏற்றபடி அப்பாவே அங்கவடி வாரை ஏற்றி இறக்கித் தருவது உனக்குத் தெரியும். இடது பக்கம் மட்டும் ஏற்றுவது மில் முதலாளி டாலிவருக்குத்தான். போரில் குண்டு பட்டு அந்தக் கால் குட்டையாகிவிட்டது. அவருடைய வெள்ளைக் குதிரையை ஊரே அறியும். அதனால் நம்முடையதை எடுத்திருக்கிறார்.

ஷெரிஃப் வருவதற்குள் அப்பா வாரை இறக்கிச் சமமாக்கிவிட்டார். யாரோ வெளியூர்க்காரன் என்று சொன்னார். ஊர் ஊராகப் போய்ப் பாத்திரம் விற்கும் கெஸ்லரைப் பிடித்துவந்து, இவன்தானா என்று கேட்டார்கள். அப்பா வெகுநேரம் பார்த்துவிட்டு, "இருக்கலாம்" என்றார். அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. வெள்ளிக்கிழமை தூக்கு.

சாப்பிடும்போது அப்பாவே பேசினார். "பாதி ஊர் டாலிவர் மில்லுலதான் வேலை பாக்குது. நம்மகிட்ட இருக்கறது வைக்கோலும் பலகையும். ஒரு தீக்குச்சி போதும். அதோட, குதிரை குடுத்தவனும் கூட்டாளின்னு என்னையும் சேத்துத் தொங்கவிடுவாங்க." பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "நல்லவேளை, உனக்கு நாலு பேரு முன்னாடி வாயே திறக்காது."

அவித்த பீன்ஸை அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் போட்டேன். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

கெஸ்லரைப் பார்க்க அவர் மனைவி பிட்ஸ்பர்க்கிலிருந்து வந்திருக்கிறாள். ஆங்கிலம் சரியாக வரவில்லை. சிறை வாசலில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களிடமெல்லாம், "என் வீட்டுக்காரருக்குக் குதிரையே ஏறத் தெரியாதுங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். சிலர் சிரிக்கிறார்கள்.

மரம் வெட்டும் வேலை எப்படிப் போனாலும், அண்ணா, இதைப் படித்ததும் கிளம்பி வா. அப்பா உன்னிடம்தான் பேசுவார். இனி என்னிடம் பேசுவாரா என்று தெரியவில்லை. குதிரைகளுக்கும் ஆள் வேண்டும். ஆண்டவர் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இன்று காலை ஷெரிஃப் அலுவலகத்துக்குப் போனேன். உள்ளே ஐந்தாறு ஆண்கள் இருந்தார்கள். தரையைப் பார்த்துக்கொண்டே அந்த அங்கவடியைப் பற்றிச் சொன்னேன். "என்ன பாப்பா முணுமுணுக்கிற? ஒண்ணும் காதுல விழல" என்றார் ஷெரிஃப். மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்கள்.

மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.

உன் தங்கை,
ஹெட்டி